பனிக்காலத்துக்கு ஓர் ஊர்

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வருவதில்லை. ஆழம் போதாது என்று நாலைந்து மைல் தள்ளியே நங்கூரம் போட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து ஏணி வழியாக ஒரு சின்ன நீராவிப் படகில் இறங்கிக் கரை சேர வேண்டும். கொழும்பிலிருந்து இரவெல்லாம் படுத்தபடியே வந்த நான் அந்த ஏணியைப் பார்த்ததும், இப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். இருபது படி கூட இராது. அந்த இருபது படியை இறங்கினால் இன்றைக்கு முழுவதும் என்னால் வேறொன்றும் செய்ய முடியாது, நாளைக்கும் முடியாது என்று எனக்குத் தெரியும்.

கப்பல்காரர்கள் இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். பின்னால் ஒரு பெண் தன் புருஷனிடம் சிங்களத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. "ஆள் நன்றாகத்தானே இருக்கிறாள், இவளை ஏன் தூக்குகிறார்கள்?" இரண்டு வருஷமாகக் கேட்டுப் பழகிய கேள்வி. எந்தப் பாஷையில் கேட்டாலும் அது எனக்கு விளங்கிவிடும்.

என் வீட்டுக்காரர் இலங்கை மலையில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்க்கிறார். நான் அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. பதினைந்து நாளில் காய்ச்சல் போய்விட்டது. அது எடுத்துக்கொண்டு போன பலம் மட்டும் திரும்பி வரவில்லை. தூங்கி எழுந்தால் தூங்காதவள் மாதிரி இருக்கும். தலை சீவக் கையைத் தூக்கினால் தோள் நடுங்கும். படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிப்பேன். மலையில் பனி இறங்கும் மாதங்களில் இதற்கு மேல் கை கால் எல்லாம் விறைத்து, எலும்புக்குள் குத்தலும் சேர்ந்துகொள்ளும். போன மார்கழியில் நான் கட்டிலை விட்டு இறங்கிய நாட்களை என் மகள் விரல் விட்டு எண்ணினாள். அன்பாய் என்று பெயர், ஆறு வயது. இரண்டு கை விரல் கூட அவளுக்கு முழுதாகத் தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரித் துரை நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "நரம்புத் தளர்ச்சி. குளிர்காலத்தை வெப்பமான ஊரில் கழிக்கட்டும்" என்றார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. என் தம்பி சாமுவேல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தான். அவன் இருக்கும் பக்கம் போய் இருந்து பார்ப்பது, உடம்பு தேறினால் என் வீட்டுக்காரர் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு இங்கேயே வந்துவிடுவது என்று பேசி முடித்தோம். பேசும்போது எல்லாம் சுலபமாக இருந்தது. புறப்படுகிற அன்று அன்பாய் என் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டாள். அதைப் பிரித்து எடுக்கக் கூட எனக்கு வலுவில்லை. அவள் அப்பாதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

சாத்தூரில் ரயிலை விட்டு இறங்கியதும் சாமுவேல் கூண்டு வண்டியோடு நின்றான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து, "அவ்வளவு மோசமாகவா இருக்கேன்?" என்று கேட்டேன். "இல்லக்கா, வெயில் கண்ணுல அடிச்சுது" என்றான். பொய் சொல்ல அவனுக்கு எப்போதும் வராது.

கார்த்திகைக் கடைசி மழை கரிசலை ஊறவைத்திருந்தது. பாதி வழியில் வண்டிச் சக்கரம் இறங்கிவிட்டது. வண்டிக்காரர் கீழே குதித்து, மாட்டை அவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஆள் வந்தாத்தான் தூக்க முடியும். செத்த நேரம் அப்படி மரத்தடியில இருங்க" என்றார். செத்த நேரம் என்பது மூன்று மணி நேரமாக நீண்டது. வேப்பமரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்து என்னைப் படுக்க வைத்தார்கள். தலை நிழலில் இருந்தது, கால் வெயிலில் இருந்தது. வண்டிக்காரர் தன் தூக்குச் சட்டியிலிருந்து கம்பஞ்சோறும் மோரும் சின்ன வெங்காயமும் எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது ஒன்று நடந்தது. என் பாதம் எனக்குத் தெரிந்தது. மலையில் ஐப்பசி முதலே மரத்துப்போய்க் கிடந்த பாதம். வெயில் அதற்குள் மெல்ல மெல்ல இறங்கி, விரல் விரலாக அதை எனக்குத் திருப்பிக் கொடுத்தது. சாமுவேல் பார்க்காதபடி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த வெயிலில் ஒரு கை அள்ளி மலைக்கு அனுப்ப முடிந்தால் என்று தோன்றியது. அங்கே அந்த நேரம் அன்பாய் கம்பளிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சாமுவேலின் வீடு தேரோடும் வீதிக்கு அடுத்த சந்தில் இருந்தது. படுத்திருக்கும் இடத்திலிருந்தே ஜன்னல் வழியாகக் கோபுரம் தெரியும். மலையில் என் ஜன்னலுக்கு வெளியே எப்போதும் மூடுபனிதான். இங்கே ஒவ்வொரு நிலையும் தனித்தனியாக வெயிலில் காய்ந்துகொண்டு நின்றது. முதல் இரண்டு நாள் அதைப் பார்ப்பதே எனக்குப் போதுமான வேலையாக இருந்தது.

தம்பி மனைவி ரூத்து என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். மொச்சைக்காய்க் குழம்பு, முருங்கைக்கீரை, அவித்த பனங்கிழங்கு, சுக்கும் கருப்பட்டியும் போட்ட காப்பி. இதற்கு மேல் பசும்பாலை மூன்று வேளையும் கொடுத்தாள். அந்த ஊரில் பாலுக்குக் குறைவில்லை. அவள் சமையலை நினைத்தால் இன்றும் நாக்கில் நீர் ஊறுகிறது. ஆனால் மார்கழி பிறந்துவிட்டது. கோழி கூவுமுன்பே வீதியில் பஜனை, சங்கு, குளத்துக்குப் போகும் பெண்களின் பேச்சு, கோலம் போட வாசல் தெளிக்கும் சத்தம். ஊருக்கே சந்தோஷமான மாதம். எனக்கோ ஒவ்வொரு சத்தமும் மண்டைக்குள் ஆணி அடிப்பது போல இருந்தது. விடிந்த பிறகு பார்வையாளர்கள். பள்ளிக்கூடத்து ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், ரூத்துவின் உறவுக்காரர்கள். ஒவ்வொருவரும் அன்பாகவே வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எழுந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"மதினி, நான் சொன்னாத் தப்பா நினைக்காதிய" என்று ஒரு நாள் ரூத்து ஆரம்பித்தாள். "படுத்தே கெடந்தா இன்னும் படுக்கத்தான் தோணும். காலையில ஒரு நடை குளத்தைச் சுத்திட்டு வாங்க. நானும் வாரேன்."

அவளுக்காகப் போனேன். குளத்தின் பாதி கரை நடந்தோம். அடுத்த நாள் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியளா!" என்று ரூத்து சந்தோஷப்பட்டாள். அதற்கு அடுத்த நாள் என்னால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ரூத்துவின் முகத்தில் குற்றவுணர்ச்சியும், அதற்குக் கீழே கொஞ்சம் சந்தேகமும் இருந்தன. அவளைக் குறை சொல்ல மாட்டேன். பல நாள் எனக்கே என்மேல் அந்தச் சந்தேகம் இருந்தது.

சாமுவேல்தான் யோசித்து ஒரு வழி சொன்னான். ஏழு மைல் தள்ளி இராஜபாளையத்தில் அவனுக்குத் தெரிந்த நூல் வியாபாரி மைதீன் என்பவர் வீட்டில், தெருவை விட்டு உள்ளே தள்ளி, முற்றத்தைப் பார்த்தபடி ஓர் அறை இருந்தது. தெற்கு வெயில் காலை முதல் சாயங்காலம் வரை விழும். வந்து பார்க்கிறவர்கள் கிடையாது. "அவிய வீட்லயும் ஒடம்புக்கு முடியாத ஒருத்தர் இருக்காங்க அக்கா. அதனால சத்தம் போட மாட்டாங்க" என்றான். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது காதில் வாங்கவில்லை. சத்தம் இராது என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

இராஜபாளையம் அப்போது பெரிய கிராமம் போலத்தான் இருந்தது. ஊரைத் தாண்டினால் பருத்திக்காடு, அதைத் தாண்டினால் மேற்கே மலை. மைதீன் வாசலிலேயே நின்று, "வாங்கம்மா, ஒங்க வீடு மாதிரி நெனச்சு இருங்க" என்று சொல்லிவிட்டு, என்னை நேராகப் பார்க்காமல் ஒதுங்கி வழிவிட்டார். அவர் மனைவி ஆமினா என் கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிப் போனாள். முற்றத்துக்கு எதிர்ப்புறம் ஒரு கதவு சாத்தியிருந்தது. "எங்க நாத்தனா ஹலீமா. அவளுக்கு ஒடம்பு சொகமில்ல" என்று ஆமினா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தெலுங்கு பேசும் ராஜுக்கள் வீடு. இரண்டு பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொள்வது எனக்கு நன்றாகக் கேட்கும். எங்கள் தோட்டத்தில் தெலுங்கர்கள் இருந்ததால் எனக்கு அந்தப் பாஷை ஓரளவு விளங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"கப்பல் ஏறி வந்திருக்கிறாளாம்."

"எதற்கு?"

"வெயில் காய."

"இங்கே நாம் நிழல் தேடி ஓடுகிறோம், இவள் வெயில் தேடிக் கப்பல் ஏறி வருகிறாளா!"

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். நானும் தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தேன். மறுநாள் அவர்களில் மூத்தவள் சுவர் வழியாக ஒரு கிண்ணம் கோங்குரா, அதாவது புளிச்சக்கீரைத் துவையல் நீட்டி, "அம்மாயி, தீஸ்கோ" என்றாள். வாங்கிக்கொள் என்று அர்த்தம். சோற்றில் பிசைந்து சாப்பிட்டபோது அந்தப் புளிப்பு உச்சந்தலை வரை போனது.

வெயில் தன் வேலையைச் செய்தது. முதல் வாரம் எலும்புக் குத்தல் போயிற்று. இரண்டாம் வாரம் நானே தலை சீவிக்கொண்டேன். முற்றத்தில் பாயைப் போட்டு, வெயில் நகர நகர நானும் நகர்ந்து உட்காருவேன். மலையில் இந்த மாதத்தில் ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்து உட்கார முடியும். இங்கே மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிர்க் கதவு சில நாள் கொஞ்சம் திறந்திருக்கும். உள்ளே இருட்டில் வெள்ளையாக ஒரு துப்பட்டி தெரியும். நான் கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை.

மூன்றாம் வாரம் தெருமுனை வரை நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் விட்டு மறுபடி நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தை பிறந்து சில நாளில் ஒரு காலை எழுந்தபோது உடம்பு இறகு போல இருந்தது. காய்ச்சலுக்கு முன்பு இருந்த அதே உடம்பு. அது எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்து போயிருந்தேன். ஊருக்குக் கிழக்கே சஞ்சீவி மலை என்று ஒரு குன்று இருக்கிறது. ஆகாயத்தில் தூக்கிப் போன மருந்து மலையிலிருந்து விழுந்த துண்டு என்று ஊரார் சொல்கிறார்கள். ஆமினாவிடம் கோங்குரா வீட்டு அக்காளோடு போகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாளோடு அதன் அடிவாரம் வரை மாட்டு வண்டியில் போனேன். அடிவாரத்தில் இறங்கி நின்றவள் அப்படியே ஏறத் தொடங்கினேன்.

உச்சி வரை போகவில்லை. பாதி வழியில் ஒரு பாறை. அதில் உட்கார்ந்து மேற்கே பார்த்தேன். ஊர் முழுவதும் கீழே கிடந்தது. ஓடுகள், பனைகள், கண்மாய்த் தண்ணீர், வெடித்த பருத்தியின் வெள்ளை. அதற்கப்பால் பெரிய மலை நீலமாக வடக்கும் தெற்கும் நீண்டு கிடந்தது. மூச்சு வாங்கியது. ஆனால் அது ஏறியவர்கள் எல்லாருக்கும் வாங்குகிற மூச்சு! எனக்கு அதைப் போலப் பெருமையான மூச்சு வாழ்நாளில் வாங்கியதில்லை. அன்பாயை இந்தப் பாறையில் என் பக்கத்தில் உட்கார்த்தி வைக்க வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை எழுந்தது. கண்ணை மூடினால் அவள் தலையின் எண்ணெய் வாசனையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே கடிதம் எழுதினேன். 'எனக்குச் சுகமாகிவிட்டது. இன்றைக்கு மலை ஏறினேன். இந்த ஊர்தான் நமக்கு. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையோடு வாருங்கள்.' மைதீன் அதை அப்போதே தபாலில் சேர்த்துவிட்டார்.

மறுநாள் நன்றாக இருந்தேன். அதற்கு மறுநாள் காலை கண் திறந்தேன், ஆனால் கழுத்து திரும்பவில்லை. கை என்னுடையது மாதிரி இல்லை. முற்றத்தில் ஆமினா சொளகில் அரிசி புடைக்கும் சத்தம் தாங்க முடியவில்லை. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன், சொல் கிடைக்கவில்லை. வெளியே அதே வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் கழித்தோ, புடைக்கும் சத்தம் நின்றது. யாரோ சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வரும் சத்தம் கேட்டது. முப்பது வயது இருக்கும் ஒரு பெண், வெள்ளைத் துப்பட்டி போர்த்தியவள், உள்ளே வந்து ஜன்னல் பலகையைச் சாத்தினாள். அறை இருட்டானது. தலைக்குள் வலி பாதியாகக் குறைந்தது. அவள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்துத் தானும் படுத்துக்கொண்டாள்.

"என்னைக்கு ஏறுனிய?" என்று வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

"முந்தாநாள்."

"ஆமா. ரெண்டாம் நாத்தான் வரும்."

இரண்டு வருஷத்தில் துரையும் சொல்லவில்லை, வைத்தியரும் சொல்லவில்லை. எனக்கே அது பிடிபடவில்லை. நடந்த அன்று வராமல் ரெண்டாம் நாள் வருவதால்தான் நான் ஒவ்வொரு முறையும் ஏமாந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை.

அவள்தான் ஹலீமா. ஒன்பது வருஷத்துக்கு முன் பிரசவக் காய்ச்சல். பிள்ளை தங்கவில்லை. காய்ச்சல் போனது, பலம் வரவில்லை. புருஷன் வீட்டில் ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். தர்காவில் கொண்டுபோய்க் கிடத்திப் பார்த்தார்கள், வேப்பிலை அடித்தும் பார்த்தார்கள். சோம்பேறி என்று பெயர் வைத்தும் பார்த்தார்கள். இதையெல்லாம் அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு நாலு வாக்கியம்தான் பேசுவாள். அதற்கு மேல் பேசினால் அவளுக்கும் ஆகாது, கேட்டால் எனக்கும் ஆகாது.

அன்றைக்கு எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. "கடிதம்" என்றேன். பாதிப் பாதியாகச் சொல்லி முடித்தேன். அது போய்ச் சேர்ந்தால் என் வீட்டுக்காரர் வேலையை எழுதிக் கொடுத்துவிடுவார். மலையில் வேலையும் இராது, இங்கே சுகமானவளும் இருக்க மாட்டாள்.

ஹலீமா எழுந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க, எழுதுதேன்" என்றாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அரபு எழுத்தில் தமிழை எழுதப் படித்திருந்தாள். நான் சொல்லச் சொல்ல வலமிருந்து இடமாகப் பென்சிலை ஓட்டினாள். மூன்று வரிதான், நடுவில் இரண்டு தடவை பென்சிலை வைத்துவிட்டுப் படுத்து எழுந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. மைதீன் தொழுகை முடிந்து வந்ததும் அதை வாங்கிப் படித்தார். சாப்பிடாமலே வண்டி பூட்டச் சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூர் தந்தி ஆபீசுக்குப் போனார். சாமுவேலையும் கூட்டிக்கொண்டு போய், வேலையை விட வேண்டாம் என்று தந்தி கொடுத்துவிட்டு, பொழுது சாய்ந்த பின் திரும்பி வந்தார். அறைக்கு வெளியே நின்றபடியே, "போயிருச்சும்மா. கடுதாசிக்கு முந்திப் போயிரும்" என்றார்.

பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் இருட்டு அறையில் கிடந்தேன். ஹலீமா முடிந்த நாளெல்லாம் வந்து பாயில் படுத்துக்கொள்வாள். ஒரு நாள் கேட்டேன், "நீங்க இந்த வெயிலுலயே பொறந்து வளந்தவங்க. ஒங்களுக்கே வந்துச்சுன்னா, வெயில் எனக்கு என்ன செய்யும்?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "எனக்குப் பனிக்காலந்தான் அக்கா நல்லாருக்கும். சித்திரை வைகாசியில வந்து பாருங்க, தரையோட ஒட்டிக் கெடப்பேன். ஒங்களுக்குக் குளுரு ஆகாது, எனக்கு வெக்கை ஆகாது. அதது கூட ஒரு சொமையை ஏத்தும். அதை எறக்கி வச்சா அம்புட்டுக்குச் சொகம். நோவு போவாது."

"அப்ப நாம என்னதான் செய்ய?"

"நல்லாருக்க அன்னைக்குப் பாதியிலயே நிறுத்திக்கிடணும். எனக்கு அதைப் படிக்க ஆறு வருசம் ஆச்சு." கொஞ்சம் நிறுத்தி, "இன்னும் முழுசாப் படிக்கல" என்றாள்.

அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

என் வீட்டுக்காரரின் கடிதம் வந்த அன்று எனக்கு உட்கார முடிந்தது. மலைப்பாதையில் மண் சரிந்து தந்தி கொண்டுவருகிறவன் இரண்டு நாள் நின்றுவிட்டானாம். அவர் எழுதியிருந்தார்: 'காலையில் உன் கடிதம் வந்தது. மத்தியானம் உன் தந்தி வந்தது. நடுவில் நாலு மணி நேரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். ராஜினாமாவை எழுதி மேசைமேல் வைத்திருந்தேன், கொடுக்கவில்லை. அதைப் பற்றி நீ கவலைப்படாதே. குழந்தையிடம் அம்மாவுக்குச் சுகமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அதுதான் தவறாகிவிட்டது. அவள் உன் செருப்பை எடுத்துத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறாள். நான் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை.'

வேலை போகவில்லை என்ற நிம்மதி எனக்கு அந்த முதல் வரிகளோடு தீர்ந்துவிட்டது. அந்தச் செருப்பு என்னை விடவில்லை. அன்று முழுவதும் மலை வீட்டு வாசலை நினைத்துக்கொண்டே கிடந்தேன். சுகமானவளாகத் திரும்பிப் போக வேண்டும் என்று என்னிடம் இருந்த ஆசையை விட, சுகமான அம்மா ஒருத்தி அந்தக் குழந்தைக்குக் கிடைக்க வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது. இரண்டையும் கொடுக்க அந்த ஊர் வெயிலுக்குச் சக்தி இல்லை.

ஐந்து நாள் எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்குக் கொஞ்சமாகப் பதில் எழுதினேன். உள்ளதை உள்ளபடி எழுதினேன். எனக்குச் சுகமாகாது, சீக்கிரத்தில் ஆகாது. ஆனால் பனி மாதங்களில் மலையில் படுத்தே கிடக்கிற நான் இங்கே பாதி நாள் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊரின் கோடையை என்னால் தாங்க முடியாது, அதனால் குடும்பத்தோடு இங்கே வந்துவிடுவது சரிப்படாது. வருஷா வருஷம் மழை முடிந்ததும் வந்து மாசிக் கடைசியில் திரும்புகிறேன். அடுத்த முறை அன்பாயையும் என்னோடு அனுப்புங்கள். என்னால் அவளோடு ஓட முடியாது. அவள் விளையாடுவதை உட்கார்ந்து பார்க்க முடியும்.

சாமுவேல் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அமைதியான வீடு ஒன்று பார்க்கட்டுமா என்று வந்து கேட்டான். கூட வந்த ரூத்து அழுதாள், நான் அவளிடம் கோபித்துக்கொண்டு போனதாக நினைத்திருந்தாள். அவள் கையைப் பிடித்து அப்படி இல்லை என்று சொன்னேன். வெயில் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். இந்த வீட்டில் நான் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "இங்கே முற்றம் நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

'அப்படியே செய்' என்று மலையிலிருந்து பதில் வந்தது. மாசி பாதியில் காற்று மாறியது. மத்தியானத்தில் முற்றத்துத் தரை கால் வைக்க முடியாமல் சுட ஆரம்பித்தது. ஹலீமா ஜன்னலைச் சாத்தும் நேரம் ஒவ்வொரு நாளும் முன்னால் நகர்ந்தது. நான் புறப்பட நாள் குறித்தோம்.

புறப்படுகிற காலை ஆமினா பனை ஓலைப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முறுக்கும் அரிசிமாவு உருண்டையும் வாய் வரை நிறைந்திருந்தன. அவள் முகம் சரியாக இல்லை.

"ஹலீமா எந்திரிக்கலம்மா. நேத்திலேருந்து கதவு தெறக்கல" என்றாள். "நீங்க போறியன்னு மூணு நாளா அடுப்படியில உக்காந்து இதைச் செஞ்சா. நான் செய்யுதேன், நீ போய்ப் படுன்னு எம்புட்டோ சொன்னேன். கேக்கல. அவ வரலேன்னு கோவிச்சுக்கிடாதிய."

பெட்டியை வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தது. அதை வண்டியில் வைக்கச் சொல்லிவிட்டு அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. இந்தப் பக்கம் நின்று பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பக்கம் படுத்திருப்பவர் மேல் எப்படி விழும் என்பது எனக்குத் தெரியும். தட்டவில்லை. 'போயிட்டு வாரேன்' என்று கூடச் சொல்லவில்லை. கதவில் உள்ளங்கையைச் செத்த நேரம் வைத்திருந்துவிட்டு வந்துவிட்டேன்.

வண்டியில் ஏறியதும் மாடு தலையை ஆட்டியது. கழுத்து மணி கலகலவென்று அடித்தது.

"அந்த மணியைக் கழட்டிருங்க" என்றேன்.

"மணி இல்லாட்டி மாடு நடக்காதும்மா" என்றார் வண்டிக்காரர்.

"தெரு முடியிற வரைக்கும்."

அவர் முணுமுணுத்தபடி உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற மைதீன் இறங்கி வந்து, இரண்டு மாட்டின் கழுத்திலிருந்தும் மணிகளை அவிழ்த்து, மணி நாக்குகள் ஆடாதபடி சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது. அவர் பக்கத்திலேயே நடந்து வந்தார். மணி இல்லாமலும் மாடுகள் நன்றாகவே நடந்தன. மண் தெருவில் சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. தெரு முனையில் வண்டி நின்றது. மைதீன் மணிகளைத் திரும்பக் கட்டிவிட்டு, "ஐப்பசிக்குப் பொறவு வாங்க. அறை அப்படியே இருக்கும்" என்று சொல்லித் திரும்பி நடந்தார்.

வண்டி சாலையில் ஏறியதும் மணி அடிக்க ஆரம்பித்தது. அது அவளுக்குக் கேட்காத தூரத்துக்கு வந்துவிட்டோமா என்று நான் வெகுதூரம் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.